உடலும் ஓர் அமானிதமே!

 

அல்லாஹ் நமக்கு வழங்கியுள்ள அருட்கொடைகள் எண்ணிலடங்காதவை. அவற்றுள் இரண்டின் விஷயத்தில் மனிதர்களில் பெரும்பாலோர் ஏமாந்து நஷ்டமடைகிறார்கள் என்று நபி பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக ஹளரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி ஷரீஃபில் இடம்பெற்றுள்ளது. ஒன்று ஆரோக்கியம், மற்றொன்று ஓய்வு நேரம். மறுமையில் விசாரிக்கப்படும் விஷயங்களில், உடலை எந்த வழியில் தேய்த்தாய் என்ற கேள்வியும் ஒன்று என்பதைத் திர்மிதீயில் வரும் இன்னொரு ஹதீஸ் உணர்த்துகிறது. பொருளை எப்படிச் சம்பாதித்தோம், எப்படிச் செலவிட்டோம் என்று கணக்குப் பார்க்கும் நாம், உடலைப் பற்றிய இக்கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கிறோம்? இதை இக்கட்டுரையில் சற்றுச் சிந்திப்போம்.

நாம் செய்த தவறு

முதலில் நம்முடைய தவறு ஒன்றையே சொல்லிவிடுவது நேர்மை. நாம் மதரஸாவிலிருந்து ஸனது பெற்று வெளிவந்து, ஓர் ஊரில் இமாமாகப் பொறுப்பேற்ற முதல் வருடம் அது. ரமளானுக்கு முந்திய ஜும்ஆ முடிந்ததும், மளிகைக்கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார்.

"ஹளரத், நமக்குச் சர்க்கரை வியாதி. காலையிலும் ராத்திரியிலும் ஊசி போட்டுக்கிறேன். நோன்பு வைக்கலாம்தானே?" என்று கேட்டார்.

நாம் எதையும் விசாரிக்கவில்லை. எவ்வளவு காலமாக நோய், மருத்துவர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "மாஷா அல்லாஹ்! உங்களைப் போன்ற பெரியவர்களே நோன்பை விடாதபோது வாலிபர்களுக்கு என்ன வந்தது? நிய்யத்து வையுங்கள், அல்லாஹ் பலம் தருவான்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவர் முகம் மலர்ந்து போனார்.

ஒன்பதாவது நோன்பன்று, அஸர் தொழுகைக்குப் பின், அவர் ஹவுளின் ஓரத்தில் அமர்ந்திருந்தார். உடலெல்லாம் வியர்த்திருந்தது. கை நடுங்கியது. பேச்சுக் குழறியது. சுற்றி நின்றவர்கள் விசிறினார்கள். "மஃரிபுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் பாய்" என்றார்கள். அந்தப் பொறுமையிலேயே அரை மணி நேரம் கழிந்தது. மகன் சர்க்கரைத் தண்ணீரோடு ஓடி வந்தபோது அவர் நினைவிழந்துவிட்டார். மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று நரம்பு வழியே குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண் விழித்தார். அல்ஹம்து லில்லாஹ்!

மறுநாள் அவருடைய மகன் நம்மிடம் சொன்னார்: "டாக்டர் வேண்டாம்னுதான் ஹளரத் சொன்னாரு. அத்தா, 'ஹளரத்தே சொல்லிட்டாரு'ன்னு பிடிவாதமா வச்சாங்க." அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் நமக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கேட்காமல் சொன்ன தீர்ப்பு

அன்றிரவு, ஓதும் காலத்தில் பலமுறை கடந்துபோன ஒரு ஹதீஸை அபூதாவூதில் மீண்டும் எடுத்துப் பார்த்தோம். ஹளரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது. ஒரு பயணத்தில் தோழர் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம் ஏற்பட்டது. அந்நிலையில் அவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது சலுகை இல்லை என்று அவர்கள் கூறிவிட்டார்கள். அவர் குளித்தார், அதனாலேயே மரணமடைந்தார். செய்தி அறிந்த நபி பெருமானார் (ஸல்) அவர்கள், அவர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதுதானே என்று உணர்த்தினார்கள்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் அதே கிதாபில் உள்ளது. தாதுஸ் ஸலாஸில் போரின்போது கடுங்குளிரான ஓர் இரவில் ஹளரத் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்புக் கடமையானது. குளித்தால் உயிருக்கு ஆபத்து என அஞ்சித் தயம்மும் செய்து தொழவைத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் விசாரித்தபோது, உங்களை நீங்களே மாய்த்துக்கொள்ளாதீர்கள் என்ற கருத்துடைய அன்னிஸா அத்தியாயத்தின் 29-வது வசனத்தை எடுத்துக் கூறினார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் சிரித்தார்கள். மறுத்து ஒன்றும் கூறவில்லை.

ஒருவர் உடலைக் காத்துக்கொண்டு வணக்கத்தை நிறைவேற்றினார், அது ஏற்கப்பட்டது. இன்னொருவரின் உடலைப் பிறர் பொருட்படுத்தவில்லை, அவர்கள் கண்டிக்கப்பட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் நாம் எந்தப் பக்கத்தில் நின்றோம் என்பது அன்றிரவு நமக்கு நன்றாகப் புரிந்தது.

சர்க்கரை நோய் ஏன் வருகிறது?

அதன்பின் அந்நோயைப் பற்றி மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தோம். நாம் உண்ணும் சோறும் இனிப்பும் குடலில் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரையை உடலின் தசைகளுக்குள் சேர்க்கும் வேலையைக் கணையத்தில் சுரக்கும் இன்சுலின் செய்கிறது. வயிறு பெருத்து, உழைப்புக் குறைந்த உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. சர்க்கரை இரத்தத்திலேயே தங்கி, ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் கண், சிறுநீரகம், இதயம், கால் நரம்புகள் ஆகியவற்றைக் கெடுக்கிறது. பரம்பரையும் இதற்கு ஒரு காரணம். அது நம் கையில் இல்லை. அன்றாடப் பழக்கமோ நம் கையில் இருக்கிறது.

2023-ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் விளிம்பில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. நம் மஹல்லாவில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டாலும் மாத்திரை டப்பா இல்லாத வீடுகளைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

தட்டு, தேநீர், நடை, தூக்கம்

அஃராஃப் அத்தியாயத்தின் 31-வது வசனத்தில் உண்ணவும் பருகவும் அனுமதி தரும் அல்லாஹ், அதே மூச்சில் வரம்பு மீறுவதைத் தடுக்கிறான். ஹளரத் மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில், முதுகெலும்பை நிமிர்த்திவைக்கச் சில கவளங்களே போதும் என்றும், அதற்கு மேல் உண்ணவேண்டுமென்றால் வயிற்றை மூன்றாகப் பகுத்து உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் ஒவ்வொரு பங்கு விடவேண்டுமென்றும் கற்றுத்தரப்பட்டுள்ளது. நம் கல்யாண வீட்டு சஹனைப் பாருங்கள்! நெய்ச்சோறு, கறி, தாளிச்சா, அதன்மேல் இனிப்பு. மூச்சுக்குரிய பங்கையும் சோறே எடுத்துக்கொள்கிறது. ஆண்டுக்கு இரண்டு கல்யாணமானால் பரவாயில்லை. வெள்ளிக்கிழமை பிரியாணி, ஞாயிற்றுக்கிழமை நெய்ச்சோறு, இடையில் மச்சான் வீட்டு விருந்து என்று வாரம் முழுவதும் விருந்தாகிவிட்டால் உடல் என்ன செய்யும்?

ஒரு தட்டில் பாதியைக் காய்கறிக்கும் கீரைக்கும் விடுங்கள். கால் பங்கு மீன், கறி, பருப்பு ஏதேனும் இருக்கட்டும். மீதிக் கால் பங்குதான் சோற்றுக்குரியது. சோற்றை விட்டுவிட வேண்டாம். அதன் பங்கைக் குறைத்தால் போதும்.

தேநீரையும் கணக்கிடுவோம். கடையில் அமர்ந்திருப்பவர் நாளொன்றுக்கு ஐந்து கோப்பை குடிப்பது சாதாரணம். கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் பத்துக் கரண்டி, ஏறத்தாழ 40 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி, சாதாரண மனிதர் ஒரு நாள் முழுவதிலும் சேர்த்துக்கொள்ளும் சீனி 50 கிராமைத் தாண்டக்கூடாது. 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. வட்டிலப்பத்துக்கும் சர்பத்துக்கும் இனி இடமெங்கே? விருந்தாளிக்குச் சீனியைத் தனியே வைத்துக் கொடுப்பது மரியாதைக் குறைவாகாது. அவருடைய உடலுக்குச் செய்யும் உபகாரம் அது.

அடுத்தது நடை. ஜமாஅத்துக்காகப் பள்ளிவாசலை நோக்கி எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டு என்று குழந்தைகளுக்கு மக்தபில் சொல்லிக்கொடுக்கிறோம். பெரியவர்களான நாமோ முந்நூறு அடி தூரத்துக்கு மோட்டார் சைக்கிளை உதைக்கிறோம். நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. சாப்பிட்டபின் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பதுகூடப் பலன் தரும். வாரத்துக்கு 150 நிமிட நடை வேண்டுமென்கிறார்கள் மருத்துவர்கள். ஐவேளையும் நடந்தே பள்ளிக்குப் போய் வருபவருக்கு இதில் பெரும்பகுதி வணக்கத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

தூக்கத்திற்கும் இதில் பங்குண்டு. இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண்பேச்சுப் பேசிக்கொண்டிருப்பதையும் நபி பெருமானார் (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள் என்பது புகாரியில் உள்ளது. இன்று இஷாவுக்குப் பிறகுதான் நம் வீடுகளில் பொழுதே விடிகிறது. கைப்பேசி ஒவ்வொருவர் முகத்திலும் வெளிச்சம் போட்டுக்கொண்டிருக்கிறது. பதினொரு மணிக்குப் பரோட்டா வருகிறது. குறைந்த தூக்கம் மறுநாள் பசியைக் கூட்டுகிறது. இன்சுலினின் வேலையையும் மந்தமாக்குகிறது. சுப்ஹும் தவறிப்போகிறது. ஒரே பழக்கத்தால் தீனுக்கும் உடலுக்கும் சேர்த்து நஷ்டம்!

உளூவில் ஒரு பாதுகாப்பு

சர்க்கரை நோயாளியின் காலில் உணர்ச்சி குறைந்துபோவதுண்டு. முள் தைத்தாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. சிறு புண் பெரிதாகிக் காலையே இழந்தவர்கள் உண்டு. நமக்கோ நாளொன்றுக்கு ஐந்து முறை கால் கழுவும் பேறு கிடைத்திருக்கிறது. கழுவும்போது விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுவது சுன்னத். அப்போதே புண், வெடிப்பு, சிவப்பு உண்டா என்று பார்த்துவிடலாம். கண்பார்வை மங்கியவருக்கு மகனோ பேரனோ பார்த்துச் சொல்லட்டும். உளூ முடிந்ததும் விரல் இடுக்கை ஈரம் போகத் துடையுங்கள். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். கோடைகால ஜும்ஆவில் கொதிக்கும் முற்றத்தில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். பள்ளிவாசல் நிர்வாகிகள் ஹவுளிலிருந்து உள்பள்ளிவரை ஒரு பாய் விரித்துவைத்தால் அது பெரும் தர்மம்.

ரமளான் வருமுன்

பதினொரு மாதப் பழக்கத்தின் பலன் ரமளானில் தெரிந்துவிடுகிறது. 2001-ஆம் ஆண்டு 13 நாடுகளில் சர்க்கரை நோயுள்ள முஸ்லிம்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 79 பேர் குறைந்தது 15 நோன்பாவது நோற்றிருந்தார்கள். அவர்களிடையே இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது மற்ற மாதங்களைவிட ஏழு மடங்குக்கு மேல் கூடியிருந்தது. நம் மக்களின் நோன்புப் பற்று இதில் தெரிகிறது. முன்யோசனை இல்லாத பற்று என்ன விலை கேட்கும் என்பதும் தெரிகிறது.

எனவே பின்வருவனவற்றை மனத்தில் கொள்ளுங்கள்:

1. ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே, அதாவது ரஜப் தொடக்கத்திலோ நடுப்பகுதியிலோ மருத்துவரிடம் செல்லுங்கள். எல்லா நோயாளியும் நோன்பை விடவேண்டியதில்லை. மாத்திரையின் நேரத்தையும் அளவையும் மாற்றிப் பலர் நிம்மதியாக நோற்கிறார்கள். சிலருக்கு அது ஆபத்து. நீங்கள் எந்த வகை என்பதை அவர் சொல்லட்டும். மருந்தை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

2. விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது. இன்சுலின் ஊசியாலும் முறியாது; ஊட்டச்சத்து ஏற்றும் ஊசி வேறு. 1997-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி இவ்வாறே தீர்மானித்தது. நோன்பு முறிந்துவிடுமோ என்ற அச்சத்தில் சோதிக்காமல் இருப்பதுதான் விபரீதம்.

3. சர்க்கரை அளவு 70-க்குக் கீழே இறங்கினாலும், 300-க்கு மேலே ஏறினாலும், நடுக்கம், வியர்வை, மயக்கம், குழப்பம் தோன்றினாலும் உடனே நோன்பைத் திறந்துவிடுங்கள். மஃரிபுக்கு ஐந்து நிமிடம் இருந்தாலும் சரி. சர்க்கரை இறங்கியவர் நினைவோடு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

4. ஸஹரை விடாதீர்கள், அதில் பரக்கத் உண்டு என்பது நபிமொழி. நள்ளிரவிலேயே உண்டுவிட்டுப் படுக்காமல், கடைசி நேரத்திற்குத் தள்ளி உண்பது சுன்னத். நோயாளிக்கு அதுவே பாதுகாப்பு.

5. பேரீத்தம் பழத்தாலும், அது இல்லையானால் தண்ணீராலும் நோன்பு திறப்பது நபிவழி. ஒன்றிரண்டு பழம், தண்ணீர், ஒரு சிறு கோப்பைக் கஞ்சி. பருப்பும் வெந்தயமும் சேர்ந்த நம் நோன்புக் கஞ்சி நல்ல உணவுதான். அதைச் சுற்றி வரும் சமோசா, வடை, பஜ்ஜி, ரோஸ் மில்க் ஆகியவைதான் பகலெல்லாம் பட்டினி கிடந்த உடலைத் தாக்குகின்றன. தராவீஹ் தொழுகையே ஓர் உடற்பயிற்சி; தனியே வேறு வேண்டியதில்லை.

நோன்பு வைக்க முடியாதவர்

நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை தந்திருக்கிறான். பகரா அத்தியாயத்தின் 184, 185-வது வசனங்களைப் பாருங்கள். குணமாகும் நோயானால் பின்னர் களாச் செய்யலாம். குணமாகி நோற்கும் நம்பிக்கையே இல்லாதவர் ஒவ்வொரு நோன்புக்கும் ஃபித்யா கொடுக்கவேண்டும். ஷாஃபிஈ மத்ஹபில் ஒரு முத்து. ஹனஃபீ மத்ஹபில் ஸதகத்துல் ஃபித்ரின் அளவு. அல்லாஹ் இலகுவையே நாடுகிறான், சிரமத்தை நாடவில்லை என்ற கருத்தும் அவ்வசனத்திலேயே வருகிறது. அவன் நீட்டிய சலுகையை வாங்கிக்கொள்வதும் அவனுக்கு அடிபணிவதுதான்.

மஹல்லாவாசிகளுக்கும் ஒரு வார்த்தை. பகலில் மாத்திரை போடும் ஒருவரைக் கண்டு "என்ன பாய், நோன்பு இல்லையா?" என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே பலர் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். தலையில் காயம்பட்ட அந்தத் தோழரின் வரலாற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

தாய்மார்களுக்கு

மதிப்பிற்குரிய தாய்மார்களே, சகோதரிகளே! வீட்டின் ஆரோக்கியம் உங்கள் அகப்பையில் இருக்கிறது. ஆனால் உங்கள் ஆரோக்கியத்தை யார் பார்க்கிறார்கள்? எல்லோரும் உண்டபின், மிச்சம் வீணாகக்கூடாதே என்று சட்டியில் இருப்பதையெல்லாம் உண்கிறீர்கள். உணவை வீணாக்காதது நல்ல பண்பு. ஆனால் விரயம் அளவுக்கு மேல் சமைத்தபோதே நடந்துவிட்டது. அதை உங்கள் வயிற்றில் போட்டு ஈடுகட்ட முடியாது. குறைத்துச் சமையுங்கள், மிஞ்சினால் அண்டை வீட்டுக்கு அனுப்புங்கள். வீட்டுக்காரரைச் சோதனைக்கு அனுப்பும்போது நீங்களும் உடன் சென்று சோதித்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் அவசியம். அக்காலத்தில் சர்க்கரை கூடினால் தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து.

ஆண்களே! இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பு நோற்ற ஹளரத் அபுத்தர்தா (ரலி) அவர்களிடம், ரப்புக்கும் உமக்கும் உம் குடும்பத்தாருக்கும் உம்மீது உரிமையுண்டு, ஒவ்வொருவர் உரிமையையும் கொடுத்துவிடும் என்று ஹளரத் ஸல்மான் (ரலி) அவர்கள் அறிவுறுத்தினார்கள். ஸல்மான் சொன்னது உண்மை என்று நபி (ஸல்) அவர்கள் ஒப்புதலளித்தார்கள். நாம் படுத்துவிட்டால் கஷ்டப்படுவது குடும்பம். நம் உடலைப் பேணுவது அவர்களுக்குச் செலுத்தும் கடனும் ஆகும்.

அந்தப் பெரியவர்

அவரைப் பற்றிக் கேட்பீர்கள். நாம் அவர் வீட்டுக்குச் சென்று, நம் தவறை ஒப்புக்கொண்டு, மன்னிப்புக் கேட்டோம். அவர் நம் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நோன்பு இல்லாத ஆளா எப்படி ஹளரத் பள்ளிக்கு வர்றது?" என்பதுதான் அவருடைய துக்கம். மருத்துவர் கருத்தைக் கேட்டு ஃபித்யாவுக்கு ஏற்பாடு செய்தோம். அடுத்த ரமளானில் கஞ்சிச் சட்டியின் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தோம். அஸர் முடிந்ததும் அகப்பையோடு நின்று, வரும் பிள்ளைகளின் தூக்குச் சட்டிகளை நிரப்பித் தருவார். நோன்பாளியை நோன்பு திறக்கவைப்பவருக்கு அந்த நோன்பாளியின் கூலி போன்றது உண்டு என்ற நபிமொழியை அவருக்கு நினைவூட்டினோம். இப்போது அவர் வீட்டில் தேநீருக்குச் சீனி தனியே வருகிறது. மகனும் மருமகளும் சோதனை செய்துகொண்டார்கள். மகனுக்கும் நோயின் விளிம்பு என்று தெரிந்து, அவர் ஐவேளையும் நடந்தே பள்ளிக்கு வருகிறார்.

நம்மிடம் இன்று யாரேனும் "நோன்பு வைக்கலாமா?" என்று கேட்டால், "டாக்டர் என்ன சொன்னார்?" என்பதே நம்முடைய முதல் கேள்வி.

வல்ல அல்லாஹ் நமக்குத் தந்த உடல் எனும் அமானிதத்தைப் பேணி, அதைக் கொண்டு அவனை அழகிய முறையில் வணங்கி, கேள்வி நாளில் நல்ல பதில் சொல்லும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! நம்மால் நேர்ந்த தவறுகளை மன்னிப்பானாக! நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.